பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி?

கேட்டது இது: பழைய 350 சிசி சிங்கிள் சிலிண்டர் மோட்டார்சைக்கிள் இன்ஜின், நான்கு ஸ்ட்ரோக், வார்ப்பிரும்பு பேரல் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை). போர் செய்து, அதாவது பேரலின் உள்பக்கத்தைக் கடைந்து அகலமாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாயிற்று. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் விளிம்பு பேரலின் மேல்முகத்தைத் தாண்டி 0.3 மி.மீ. எழுந்து நிற்கிறது. பழைய பிஸ்டன் அப்படி நிற்கவில்லை. பேரலை மேலே மூடும் ஹெட்டில் இடிக்குமா? எவ்வளவு இடைவெளி வேண்டும்? பேரலுக்கும் ஹெட்டுக்கும் நடுவே தடிமனான ஹெட் கேஸ்கெட் போட்டால் போதுமா?

ஒரே வரியில் சொன்னால், ஸ்டீல் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) என்றால் ஓரத்தில் 0.8 முதல் 1.0 மி.மீ., அலுமினியக் கலவை ராடு என்றால் 1.0 முதல் 1.2 மி.மீ. ஆனால் இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஹெட்டை முடுக்கிவிடாதீர்கள். எந்த இடத்தில் அளந்த இடைவெளி, எப்படி அளந்தது, அதை எந்தப் பக்கம் திருத்துவது என்பது தெரியாமல் எண் மட்டும் உதவாது.

முதலில் 0.3 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பழைய பிஸ்டனையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, பிஸ்டன் பின் (பிஸ்டனை ராடோடு இணைக்கும் ஊசி) நுழையும் துளையின் மேல் விளிம்பிலிருந்து பிஸ்டன் ஓரம் வரை வெர்னியரில் அளந்தால் பெரும்பாலும் அங்கேயே விடை கிடைக்கும். மாற்றுத் தயாரிப்பு பிஸ்டன்களில் இந்த உயரம் அரை மில்லிமீட்டர் வரை மாறுவதைப் பார்த்திருக்கிறேன். விட்டம் சரியாக இருக்கும், ரிங் சரியாக இருக்கும், உயரத்தை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. பிஸ்டன் ஒத்துப்போனால் அடுத்த சந்தேகம் பேரலின் மேல்முகத்தையோ அடிமுகத்தையோ யாரோ முன்பே லேத்தில் சீவியிருக்கலாம் என்பது. அதற்கும் அடுத்தது, பேரலுக்கு அடியில் வரும் கேஸ்கெட் முன்பு இருந்ததைவிட மெல்லியதாகப் போட்டிருப்பது. காரணம் தெரிந்தால்தான் எந்த இடத்தில் திருத்துவது என்று முடிவு செய்ய முடியும்.

நானே ஒருமுறை இதில் மாட்டியிருக்கிறேன். புது பிஸ்டன் போட்டு, அளக்காமல், 'ஸ்டாண்டர்டு கேஸ்கெட் தானே' என்று மூடிவிட்டேன். குளிர்ந்த நிலையில் அமைதியாக ஓடியது. நன்றாகச் சூடாகி வேகம் பிடித்ததும் மேலே ஒரு டிக், டிக். வால்வை இயக்கும் டாப்பெட் என்று நினைத்தேன், பிறகு ராடின் கீழ்முனை பேரிங்கான பிக் எண்ட் என்று நினைத்தேன். கடைசியில் ஹெட்டைத் தூக்கியபோது பிஸ்டனின் முன் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு இடம் மட்டும் கண்ணாடி போலப் பளபளத்தது. கையால் சுற்றியபோது தாராளமாகச் சுற்றிய இன்ஜின்தான் அது.

கையால் சுற்றும்போது இடிக்காதது ஓடும்போது ஏன் இடிக்கிறது? இந்தக் கேள்விதான் முழு விஷயமும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 90 மி.மீ. ஸ்ட்ரோக், பிஸ்டன் பின்னும் ரிங்குகளும் சேர்ந்து 400 கிராம் எடையுள்ள பிஸ்டன், 170 மி.மீ. ராடு, 5500 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பும் கணத்தில் அதைக் கீழே இழுத்துத் திருப்ப ராடுக்கு ஏறக்குறைய 770 கிலோ விசை தேவைப்படுகிறது. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் மேலே அழுத்தப்பட்ட பெட்ரோல்-காற்றுக் கலவை மெத்தை போல இருந்து இதில் பாதியைத் தாங்கிக்கொள்ளும். எக்சாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் மேலே எதுவும் இல்லை. முழு இழுப்பும் ராடு மீதுதான். அதனால்தான் இடிப்பது எப்போதும் அந்த உச்சியில்.

அந்த இழுப்பில் ஸ்டீல் ராடு நீளுவது சுமார் 0.04 மி.மீ. அதே குறுக்களவுள்ள அலுமினிய ராடு மூன்று மடங்கு நீளும். பிக் எண்டிலும் மெயின் பேரிங்கிலும் உள்ள பிளே (சிறு தளர்ச்சி) எல்லாம் சேர்ந்து ஒரே திசையில், மேல்நோக்கி எடுக்கப்படும். நல்ல பேரிங்குகளிலும் இது 0.05 முதல் 0.08 வரும். பிஸ்டன் உச்சியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாயும்போது அதன் முன் ஓரமோ பின் ஓரமோ இன்னும் 0.05 முதல் 0.1 வரை மேலே எழும். கொஞ்ச நாளில் கார்பன் படியும், அதற்கு 0.1.

அப்புறம் வெப்பம். 170 மி.மீ. ஸ்டீல் ராடு 100 டிகிரி சூடேறினால் 0.2 மி.மீ. வளரும், அலுமினியம் என்றால் 0.39. பிஸ்டனின் மேல்பகுதியும் தன் பங்குக்கு 0.15க்கு மேல் வளரும். நல்லவேளையாக, கிராங்க்கேஸும் பேரலும் சேர்ந்து சூடாகி ஹெட்டை மேலே தூக்குகின்றன. பேரலும் அலுமினியமாக இருந்தால் அது ராடை முந்திக்கொண்டு வளரும், இடைவெளி கூடத்தான் செய்யும். வார்ப்பிரும்பு பேரலும் ஸ்டீல் ராடும் என்றால் ஏறத்தாழ சமன். வார்ப்பிரும்பு பேரலும் அலுமினிய ராடும் என்பதுதான் மோசமான ஜோடி. சூடான இன்ஜினில் கால் மில்லிமீட்டர் காணாமல் போயிருக்கும். பழைய ட்ரையம்ஃப் இரட்டைச் சிலிண்டர் பைக்குகளிலும் வார்ப்பிரும்பு பேரல் புல்லட்டிலும் அலுமினியக் கலவை ராடுதான் என்பதால் இது ஏட்டுக் கணக்கு இல்லை.

எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஸ்டீல் ராடுக்கு 0.3 பக்கம் வருகிறது, அலுமினியத்துக்கு 0.6 பக்கம். அதன் மேல் கொஞ்சம் பாதுகாப்பு வைத்தால் நான் முதலில் சொன்ன எண்கள். உங்கள் இன்ஜின் 7000 சுற்றும் ரேஸ் இன்ஜின் என்றால் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும் என்பதை நினைவில் வையுங்கள்.

சரி, அப்படியானால் பயமில்லாமல் 2 மி.மீ. விட்டுவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் உங்கள் ஹெட் எந்த வகை என்று பார்க்க வேண்டும். ஹெட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். ஓரத்தைச் சுற்றித் தட்டையாகவோ லேசான சரிவாகவோ ஒரு பட்டை இருந்து, அது பிஸ்டனின் ஓரத்துக்கு நேராக வந்தால் அதுதான் ஸ்குவிஷ் பட்டை. பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது அந்த ஓரத்தில் சிக்கிய கலவை நடுவை நோக்கிப் பீச்சியடிக்கப்படும். அந்தக் கலக்கத்தில் தீ வேகமாகப் பரவும். மீதம் ஓரத்தில் தங்கிய மெல்லிய அடுக்கு இரண்டு பக்கமும் உலோகத்தால் குளிர்ந்துபோய், தானாக வெடிக்காமல் இருக்கும். முதல் உலகப்போர் முடிந்த கையோடு சைடு வால்வு இன்ஜின்களுக்கு (வால்வுகள் பேரலின் பக்கத்தில் இருப்பவை) ஆங்கிலப் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ செய்த ஹெட் இந்தத் தத்துவத்தில்தான் பெயர் வாங்கியது. பிஸ்டனின் பெரும்பகுதிக்கு மேலே ஹெட்டை ஒட்டக் கொண்டுவந்து, எரியறையை வால்வுகளின் பக்கம் ஒதுக்கினார்.

இப்படிப் பட்டை உள்ள ஹெட்டில் இடைவெளி 1.5 மி.மீ.க்கு மேல் போனால் பீச்சலும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. கலவை அந்தச் சந்தில் போய் உட்கார்ந்துகொண்டு கடைசியில் தானாக வெடிக்கும். நாக்கிங் (கலவை தானாக வெடிக்கும் தட்டல்) வருகிறது என்று கம்ப்ரஷனைக் குறைக்க இன்னொரு கேஸ்கெட்டைச் சேர்ப்பவர்கள் பல நேரம் நாக்கிங்கைக் கூட்டிக்கொள்வது இதனால்தான்.

ஆனால் பழைய இன்ஜின்களில் பாதிக்குமேல் பட்டையே கிடையாது. ஹெட் முழுக்கக் குழிந்த அரைக்கோளம், பிஸ்டன் தட்டையாகவோ மேடாகவோ இருக்கும். அங்கே ஸ்குவிஷைத் தேடி 0.8க்கு இறக்கிப் பயனில்லை. ஓரத்தில் இடிக்காத அளவு இருந்தால் போதும். நீங்கள் அங்கே பார்க்க வேண்டியது கம்ப்ரஷன் விகிதமும் (கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) வால்வுகளுக்கான இடமும்தான். உங்கள் பிஸ்டன் 0.3 மேலே எழுவது அந்த வகை ஹெட்டில் ஒரு பிரச்சினையே இல்லாமலும் போகலாம்.

அளக்கும் முறைக்கு வருவோம். சால்டர் கம்பி வேண்டும், பற்றவைக்கும் அந்த ஈயக் கம்பிதான். எதிர்பார்க்கும் இடைவெளியைவிட அரை மில்லிமீட்டர் தடிமன் கூடுதலாக இருக்கட்டும். மிகத் தடிமனான கம்பி போட்டால் பேரிங்கையும் பிஸ்டனையும் வீணாக அழுத்துவீர்கள். நான்கு துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றின் ஒரு முனையும் பேரல் சுவரைத் தொடும்படி, நடுவை நோக்கி நீட்டி, பிஸ்டன் தலையில் கிரீஸால் ஒட்டுங்கள். இரண்டு துண்டுகள் பிஸ்டன் பின் போகும் கோட்டின் இரு முனைகளில், இடமும் வலமும். மற்ற இரண்டு முன்னும் பின்னும். ஹெட்டை உண்மையில் போடப்போகும் கேஸ்கெட்டோடு, உண்மையான டார்க்கில் (நட்டை முடுக்கச் சொன்ன விசையளவில்) முடுக்கி, ஸ்பார்க் பிளக் இல்லாமல் கையால் உச்சியைக் கடத்துங்கள். ஒரு தடவை கடந்தால் போதும். வால்வுகளைத் தள்ளித் திறக்கும் புஷ் ராடுகளை இந்தச் சோதனைக்கு எடுத்துவிடலாம். வால்வுகள் மூடியே இருக்கும், தொல்லை குறைவு. ஹெட்டில் இருக்கும் கேமைச் செயின் சுற்றும் செயின் கேம் இன்ஜினில் அந்த வசதி இல்லை, டைமிங் செயினைச் சரியாகப் போட்டுத்தான் அளக்க வேண்டும்.

புது கேஸ்கெட்டை வீணாக்க மனம் வராவிட்டால், முடுக்கிக் கழற்றிய பழைய கேஸ்கெட் ஒன்றை அதன் அழுங்கிய தடிமன் தெரிந்துகொண்டு பயன்படுத்தலாம். பெட்டியில் எழுதிய தடிமனை நம்பாதீர்கள். செம்புத் தகடு அவ்வளவாக அழுங்காது. பல பொருள்கள் கலந்து செய்த கேஸ்கெட்டுகள் நன்றாகவே அழுங்கும்.

நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் அளக்கும்போது பேரல் சுவரை ஒட்டிய முனையே முக்கியம். இடது, வலது துண்டுகள் உண்மையைச் சொல்லும். பிஸ்டன் பின் போகும் திசையில் பிஸ்டன் சாயாது. முன் துண்டை மட்டும் வைத்து அளந்தால் பிஸ்டன் கம்பியின் அழுத்தத்தில் சாய்ந்துகொடுத்து, உள்ளதைவிடக் கூடுதலான எண்ணைக் காட்டும். அதனால் நான்கும் ஒரே நேரத்தில். இடதுக்கும் வலதுக்கும் 0.1க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பேரலின் அடிமுகம் கோணலாகச் சீவப்பட்டிருக்கலாம், இரண்டு கிராங்க்கேஸ் பாதிகளின் வாய் ஒரே மட்டத்தில் இல்லாமல் இருக்கலாம், ராடு வளைந்திருக்கலாம். அதைக் கேஸ்கெட்டால் சரிசெய்ய முடியாது.

அதே கம்பியில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. சுவர் முனையிலிருந்து நடுப்பக்கம் போகப்போகத் தடிமன் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பட்டை முழுவதும் ஒரே தடிமன், அல்லது நடுவை நோக்கிச் சற்றே கூடினால் நல்லது. நடுப்பக்கம் குறைந்தால் பிஸ்டனின் சரிவும் ஹெட்டின் சரிவும் ஒத்துப்போகவில்லை. ஓரத்தில் 1 மி.மீ. இருந்தும் உள்ளே இடிக்கும்.

ஈயம் பிஸ்டனைக் கீழே தள்ளிக்கொண்டுதான் நசுங்குகிறது என்பதையும் மறக்கக்கூடாது. பேரிங் பிளே எல்லாம் கீழ்நோக்கி எடுக்கப்பட்ட நிலையில் வந்த எண் அது. ஓடும்போது அதே பிளே மேல்நோக்கி எடுக்கப்படும். கம்பி 0.6 காட்டினால் கையில் இருப்பது 0.6 இல்லை.

உங்கள் இன்ஜினில் கணக்கு எப்படி வரும்? ஹெட்டின் பட்டை பேரல் மேல்முகத்தோடு ஒரே மட்டம், கேஸ்கெட் அழுங்கி 0.9 என்று வைத்துக்கொண்டால், 0.9இல் 0.3 போக மிச்சம் 0.6. ஸ்டீல் ராடு என்றால் ஓடிவிடும், ஆனால் நான் ஓட்ட மாட்டேன். அலுமினிய ராடு என்றால் கட்டாயம் வேண்டாம்.

திருத்துவதற்குப் பல இடங்கள் உண்டு. பேரலுக்கு அடியில் தகடு வைப்பது பழைய வழி. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் அதை அடுத்தும் பிரிட்டனில் கிடைத்த 'பூல்' பெட்ரோலின் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறன்) மட்டமாக இருந்ததால், கம்ப்ரஷனைக் குறைக்க அடியில் தகடு வைப்பது அங்கே சாதாரண வேலை. புஷ் ராடு இன்ஜினில் 0.4 மி.மீ. தகடு வைத்தால் டாப்பெட் அட்ஜஸ்டரிலேயே ஈடுகட்டிவிடலாம், வேறு எதுவும் கெடாது. உங்களுக்கு நான் சொல்வது இதுதான், 0.4 மி.மீ. அலுமினியத் தகடு, இருபக்கமும் மெல்லிய காகித கேஸ்கெட். காகிதத்தின் தடிமனையும் கணக்கில் சேர்த்து மறுபடி அளக்க வேண்டும்.

தடிமனான ஹெட் கேஸ்கெட்டும் அதே இடைவெளியைத் தரும். ஆனால் எரியும் வாயுவை நேராகத் தாங்கும் இடத்தில் தடிமனைக் கூட்டுவதைவிட, வெறும் எண்ணெய் கசியக்கூடிய இடத்தில் கூட்டுவது எனக்குப் பிடிக்கும். செம்பு என்றால் பரவாயில்லை. மங்கிய சிவப்பு வரும் வரை சூடாக்கி, தண்ணீரில் போட்டு, கறையைத் துடைத்துப் பயன்படுத்துங்கள். செம்பு தண்ணீரில் போட்டாலும் காற்றில் ஆறவிட்டாலும் ஒரே அளவுதான் மென்மையாகும். தண்ணீரில் போட்டால் கறை உதிரும், அவ்வளவுதான். கேஸ்கெட்டுக்கு மேல் கேஸ்கெட் போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

பிஸ்டன் ஓரத்தை லேத்தில் 0.3 சீவுவதும் வழிதான். ஆனால் மேல் ரிங்குக்கு மேலே உள்ள சுவர் மெலியும். அங்கே எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று பார்க்காமல் செய்ய வேண்டாம்.

எதிர்ப்பக்கம் போக வேண்டியவர்களுக்கு, அதாவது இடைவெளி 1.8 இருந்து குறைக்க வேண்டியவர்களுக்கு, பேரலைச் சீவுவதற்கு முன் கம்ப்ரஷன் கணக்கு முக்கியம். புல்லட் 350இன் 70 மி.மீ. போரையும் 90 மி.மீ. ஸ்ட்ரோக்கையும் எடுத்துக்கொண்டால் கொள்ளளவு 346 சிசி. 6.5 விகிதத்துக்கு எரியறை 63 சிசி. பேரலில் 1 மி.மீ. சீவினால் 3.85 சிசி குறைந்து விகிதம் 6.86 ஆகும். பெரிய மாற்றமில்லை என்று தெரிகிறது. ஆனால் இதே 1 மி.மீ. சிறிய எரியறையுள்ள, 10 விகித இன்ஜினில் செய்யும் மாற்றம் வேறு. செயின் கேம் என்றால் ஹெட் கீழே இறங்கும் அளவுக்கு கேம் டைமிங் பின்தங்கும், அதையும் கிராங்கின் கோணம் காட்டும் டிகிரி தட்டு வைத்துச் சரிபார்க்க வேண்டும். போர் செய்யாத பழைய பேரல் என்றால் இன்னொரு பொறி. மேலே பழைய ரிங் தேய்க்காத இடத்தில் ஒரு மேடு நின்றிருக்கும். புது ரிங் முன்பைவிட மேலே வந்தால் அதில் மோதி உடையும். நீங்கள் போர் செய்துவிட்டதால் அந்தக் கவலை இல்லை.

வால்வுகளைப் பற்றி. ஓரத்தில் இடைவெளி சரியாக இருந்தும் வால்வு பிஸ்டனைத் தட்டலாம். பிஸ்டன் உயரம் மாறிய உங்கள் நிலையில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிஸ்டனின் வால்வுக் குழிகளில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அரை சென்டிமீட்டர் தடிமனில் வைத்து, மேலே எண்ணெய் தடவி, புஷ் ராடும் சரியான டாப்பெட் இடைவெளியும் வைத்து, கிராங்கை இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் அழுத்தாமல் நிறுத்துங்கள். பிறகு பிளேடால் களிமண்ணை வெட்டி, மெலிந்த இடத்தை அளங்கள். இன்லெட்டுக்கு 1.5 மி.மீ., எக்சாஸ்ட்டுக்கு 2 மி.மீ. குறைந்தபட்சம். எக்சாஸ்ட்டுக்கு ஏன் கூடுதல் என்றால், மூடிக்கொண்டிருக்கும் வால்வைப் பிஸ்டன் பின்னாலிருந்து துரத்துகிறது. ஸ்பிரிங் ஒரு கணம் தாமதித்தால் பிடித்துவிடும். அந்த வால்வு சூட்டில் நீளவும் செய்யும். மிக நெருங்கும் இடம் உச்சியில் இல்லை. எக்சாஸ்ட் உச்சிக்கு 10 டிகிரி முன்னால், இன்லெட் 10 டிகிரி பின்னால், ஏறத்தாழ. களிமண் குழியின் ஓரத்தையும் பாருங்கள். ஆழம் போதுமானதாக இருந்தும் வால்வின் பக்கவாட்டு விளிம்பு குழிச்சுவரில் உரசியிருக்கும் தடம் சில நேரம் தெரியும்.

இரண்டு ஸ்ட்ரோக்காரர்கள் இதைப் படித்தால் ஒன்று மட்டும். உங்களுக்கு அடித்தகடு வெறும் இடைவெளிக் கருவி இல்லை, போர்ட் டைமிங்கும், அதாவது பேரல் சுவரின் துளைகள் திறந்து மூடும் நேரமும், அதுவேதான். 54 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள இன்ஜினில் பேரலை 0.5 மி.மீ. உயர்த்தினால் எக்சாஸ்ட் திறந்திருக்கும் நேரம் சுமார் 2 டிகிரியும், கலவை உள்ளே வரும் டிரான்ஸ்ஃபர் ஏறக்குறைய 3 டிகிரியும் கூடும். எனவே முதலில் அடியில் போர்ட்டுகளை வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, இடைவெளியை ஹெட்டில் சீவித்தான் வைக்க வேண்டும். சிலிண்டர் ஒன்றுக்கு 125 சிசி வரை 0.7, 0.8 போதும். 250 என்றால் 1.0 முதல் 1.2. இடைவெளியைக் குறைத்தபின் தீ வேகமாகப் பரவுவதால் இக்னிஷன் அட்வான்ஸ் (உச்சிக்கு எவ்வளவு முன்னால் தீப்பொறி என்பது) சற்றுக் குறைவாகவே தேவைப்படலாம்.

மூடியபின் முதல் சூடு ஏறி ஆறியதும் ஹெட் நட்டுகளை மறுபடி டார்க்கில் பிடித்து, டாப்பெட்டை மீண்டும் வையுங்கள். கேஸ்கெட் இன்னும் 0.05 அழுங்கியிருக்கும். 500 கி.மீ. ஓடியபின் பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்குவிஷ் பட்டை உள்ள ஹெட்டில் பிஸ்டனின் நடுவில் கார்பனும், ஓரத்தைச் சுற்றி ஒரு சுத்தமான வளையமும் தெரிந்தால் இடைவெளி தன் வேலையைச் செய்கிறது. வளையம் சுத்தமாக மட்டும் இல்லாமல் ஒரு இடத்தில் மின்னினால், ஹெட்டைத் தூக்கி இன்னொரு 0.2 சேர்க்க வேண்டியதுதான்.